பாய்ப் பங்கு

அனந்தகிருஷ்ணனுக்கு ஆண்டவன் கொடுத்த மூக்கு, ஒரு குமாஸ்தாவுக்குத் தேவையானதைவிடக் கூடுதலானது. பார்வைக்குச் சாதாரண மூக்குதான். வேலையில்தான் கூடுதல். செம்பூரில் புது வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதமாகியும் அந்த மூக்கு பழைய வீடுகளைக் காலி செய்யவில்லை. சாதத்தில் கை வைத்தால் தாதர் ஞாபகம் வரும். மோர் விட்டுக்கொண்டால் காட்கோபர். பாயை விரித்தால் மாதுங்கா. வந்த ஞாபகத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் மாட்டான். எதிரே பரிமாறிக்கொண்டிருக்கும் தங்கை அம்மிணியிடம் சொல்லித்தான் தீரவேண்டும்.

"சாப்பிடறச்சே வேண்டாம் அண்ணா."

"சாப்பிடறச்சேதானே ஞாபகம் வரது" என்பான் அனந்தகிருஷ்ணன். அதுவும் வாஸ்தவம்தான்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. பம்பாயில் படுக்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. அந்தச் சமயத்தில், தாயார் காலமாகிப் பாலக்காட்டில் தனியாக நின்ற தங்கையை அழைத்துவரவேண்டும் என்று ஆபீஸ் முழுவதும் புலம்பி, அலைந்து, செம்பூரில் இந்த ஒற்றை அறையையும் சமையல்கட்டையும் பிடித்திருந்தான். சுற்றிலும் சதுப்பும் கொசுவும்தான். ஆனாலும் சொந்தக் குழாய் உண்டு. கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பது தன் வீட்டு மூச்சு மட்டும்தான். ஒன்பது வருஷம் ஊரார் மூச்சில் வாழ்ந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அவனுக்குத்தான் தெரியும்.

தாதர் அறையில் அவனோடு இருந்தவர் ஒரு டைப்பிஸ்ட். பகலெல்லாம் டைப் அடித்த விரல் சும்மா இருக்குமா? சாயங்காலம் வந்ததும் சுவரில் ஊர்கிற மூட்டைப்பூச்சிகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக நசுக்குவார். சுவர் முழுக்கப் பழுப்பும் சிவப்புமாகக் கோடுகள். கை அலம்பவேண்டும் என்ற எண்ணமே கிடையாது. அதே கையால் உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்குவார். "நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கோ" என்று உபசாரம் வேறு. மூன்று வருஷம் அனந்தகிருஷ்ணன் 'ஏகாதசி', 'வயிறு சரியில்லை', 'ஆபீஸில் சாப்பிட்டாயிற்று' என்று பொய்யாகச் சொல்லிச் சொல்லியே தப்பித்தான்.

காட்கோபரில் ஒன்றுவிட்ட அத்தை வீடு. சொந்தமாயிற்றே, சுத்தமாக இருக்கும் என்று நம்பிப் போனான். அத்திம்பேரிடம் ஒரே ஒரு துண்டு இருந்தது. குழந்தை மூக்கைச் சிந்திவிட்டு அதில் துடைப்பார். குளித்துவிட்டுக் கால் விரலிடுக்கை அதில் துவட்டுவார். விருந்தாளி வந்தால் தட்டை நன்றாகத் துடைத்து வைப்பார், அதே துண்டால். அத்தைக்கு இது கண்ணில் படவே இல்லை. ஒரு நாள் மோர்ச் சட்டியில் கரப்பான் ஒன்று நீந்தியது. அத்தை அதை விரலால் எடுத்து வெளியே போட்டுவிட்டு, "உயிரோடதான் இருந்தது, தோஷமில்லை" என்றாள். அன்று முதல் அனந்தகிருஷ்ணனுக்கு மோர் வெள்ளையாகத் தெரிவதில்லை.

ஆனால் இவை எல்லாம் மாதுங்காவுக்கு உறை போடக் காணாது.

மாதுங்காவில் கிட்டு மாமா ஒரு மெஸ் நடத்தி வந்தார். மாடியில் ஒரு நீள அறை. அங்கே யாருக்கும் அறையில் பங்கு கிடையாது, பாயில்தான் பங்கு. ஒரு பாய்க்கு இரண்டு பேர். பகலில் உத்தியோகம் பார்ப்பவனுக்கு ராத்திரி பாய். ராத்திரி உத்தியோகம் பார்ப்பவனுக்குப் பகலில் அதே பாய். ஒருவர் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றவர் வருவார். பாய்க்குத்தான் ஓய்வே கிடையாது. பெயர் தெரிந்துகொள்ளக்கூட யாருக்கும் அவகாசமில்லை. 'பகல்', 'ராத்திரி' என்றுதான் பேச்சு. அனந்தகிருஷ்ணன் ஜன்னலோரப் பாயின் 'ராத்திரி'. அவனுடைய 'பகல்' யார் என்று எட்டு மாதத்தில் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை இவன் காட்கோபருக்குப் போய்விடுவான். அந்த ஆளுக்கு வாராந்தர லீவு வேறு ஏதோ கிழமை.

கண்ணால் பார்க்கவில்லையே தவிர, மூக்கால் பார்த்தாயிற்று. முதல் வாரமே, சுருட்டி வைத்த பாயைப் பிரித்ததும் ஈரம் தட்டுப்பட்டது. வேர்வையாக இருக்கும் என்று பொறுத்தான். மறுவாரம் நாற்றம் வந்தது. புளித்த, ஊறின, அடிநாக்கில் போய் ஒட்டிக்கொள்கிற நாற்றம். நாள் போகப் போகப் பாயின் நடுவில் கறுப்பாக வட்டம் விழுந்தது. அந்த வட்டம் எந்த இடத்தில் விழுந்தது என்று பார்த்ததும் அனந்தகிருஷ்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. உத்தியோகம் பார்க்கிற ஒரு முழு ஆண்பிள்ளை, பட்டப்பகலில், தூக்கத்தில் பாயை நனைக்கிறான்.

வெளியே சொல்லவும் வாய் கூசியது. ஆகவே நாசூக்காகப் புரியவைப்போம் என்று ஆஸ்பத்திரிச் சாமான் விற்கிற கடையில் ஒரு ரப்பர் ஷீட் வாங்கி, பாய்க்குள் வைத்துச் சுருட்டிவிட்டு ஆபீஸுக்குப் போனான். சாயங்காலம் வந்து பார்த்தால் அந்த ஷீட் அழகாக மடித்து இவன் டிரங்குப் பெட்டியின் மேல் வைக்கப்பட்டிருந்தது. மறுநாளும் வைத்தான். மறுநாளும் பெட்டிமேல் வந்து உட்கார்ந்தது. வெட்கம், மானம், சூடு, சொரணை ஒன்றுமில்லாத ஜன்மம் என்று அன்றே தீர்மானித்துவிட்டான். அந்த மாதமே செம்பூர் வீடு அமைந்தது. பழசு எதுவும் வேண்டாம் என்று பாயும் புதிதாக வாங்கினான்.

இந்தக் கதையை அம்மிணி எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று கணக்கில்லை. அவள் கவலை வேறு. அந்தப் புதுப் பாயும் இப்போது லேசாக நாற ஆரம்பித்திருந்தது. தினமும் அவன் ஆபீஸுக்குப் போனதும் அதைப் பிரித்து வராந்தாக் கம்பியில் வெயிலில் போடுவாள். சாயங்காலம் சுருட்டி வைப்பாள். கேட்டால், "செம்பூர்ச் சதுப்பு. இந்த ஊர்க் காத்தே ஈரம்" என்று அண்ணா சொல்லிவிடுவான்.

அதைவிடப் பெரிய கவலையும் ஒன்று உண்டு. அம்மிணிக்கு இருபத்துமூன்று நடந்தது. தாயாரின் வியாதியில் நாலு வருஷம் ஓடிவிட்டது. செம்பூர் வந்த பிறகு பார்த்த மூன்று வரன்களையும் அண்ணாவின் மூக்கு தள்ளிவிட்டது. ஒருவன் பொடி போட்டான். ஒருவன் சாவியால் காது குடைந்தான். மூன்றாமவன் காப்பியை உறிஞ்சினான். "அந்தச் சத்தத்தை ஆயுசு முழுக்க நீ எப்படிக் கேப்பே?" என்று அனந்தகிருஷ்ணன் கேட்டபோது, ஆயுசு முழுக்க எதைக் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. நாலாவது ஜாதகம் பொருந்தியிருக்கிறது என்று கிட்டு மாமா சொல்லி அனுப்பினார். அன்று அம்மிணி அண்ணாவின் எதிரே வந்து நின்றாள்.

"அண்ணா, இதையும் நீ மூக்கைச் சுளிச்சுத் தள்ளினேன்னா நாலாவதோட சரி. ஊருக்குப் போயிடறேன். அங்க பூட்டிக் கிடக்கற ஆத்தைத் திறந்துண்டு தனியா இருந்துக்கறேன்."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொன்னதைச் செய்கிறவள் என்று அவனுக்குத் தெரியும்.

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை கிட்டு மாமா பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்தார். வேங்கடசுப்ரமணியன், வீட்டில் மணி. தந்தி ஆபீஸ் உத்தியோகம். போன மாதம்தான் சயானில் தனி அறை கிடைத்திருந்தது. பெற்றோர் இல்லாததால் மாமாவே பெரியவர் ஸ்தானத்தில் வந்திருந்தார். மெஸ்ஸில் சாப்பிடுகிற பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் செய்துவைப்பது தம் பொறுப்பு என்று எண்ணுகிற மனிதர். கல்யாணமானால் தமக்கு ஒரு இலை குறையுமே என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அனந்தகிருஷ்ணன் மூக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வந்த பிள்ளையோ வாசலிலேயே கால் அலம்பிக்கொண்டான். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. வேஷ்டி வெளுப்பு. பொடி இல்லை, வெற்றிலை இல்லை. காப்பியை உதட்டில் படாமல் தூக்கிச் சாப்பிட்டான், ஒரு சொட்டு சிந்தவில்லை. குறை கண்டுபிடிக்க வழியில்லாமல் மூக்கு திண்டாடியது.

இரண்டு வார ரேஷன் சர்க்கரையைச் சேர்த்து வைத்து அம்மிணி சொஜ்ஜி கிளறியிருந்தாள். கொண்டுவந்து வைத்தாள், நமஸ்காரம் பண்ணினாள், உள்ளே போனாள். மணி சாப்பிட்டு முடித்ததும் தட்டை அங்கேயே விட்டுவிடவில்லை. தானே எடுத்துக்கொண்டு சமையல்கட்டு வாசல்வரை வந்து, தொட்டிப் பக்கம் குனிந்து வைத்தான்.

"என் எச்சலை நீங்க எதுக்குத் தொடணும்" என்றான் மெதுவாக.

அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளை தன் தட்டைத் தானே எடுத்து அம்மிணி பார்த்ததில்லை. இந்த மனிதன் வேண்டும் என்று அவள் அப்போதே நினைத்துவிட்டாள். அண்ணாவின் முகத்தைக் கதவிடுக்கில் பார்த்தாள். அதில் சுளிப்பு இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

கிட்டு மாமா கைகால்களை நீட்டி உட்கார்ந்தார். அவர் கண் வராந்தாக் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த பாயின்மேல் விழுந்தது.

"அடடே, பாயைப் பார்த்ததும்னா ஞாபகம் வரது. முக்கியமான பொருத்தத்தைச் சொல்லவே மறந்துட்டேனே. அனந்து, நீங்க ரெண்டு பேரும் பழைய பங்காளிகள்னா? நம்ம மாடியில ஜன்னலோரப் பாய்ல ராத்திரி நீ, பகல் இந்த மணி. மூஞ்சி பார்த்ததில்லையே தவிர, எட்டு மாசம் ஒரே பாய்ல படுத்தவா. எந்த ஜோஸ்யனால பார்க்க முடியும் இப்படி ஒரு பொருத்தம்?"

அவர் மட்டும்தான் சிரித்தார்.

அனந்தகிருஷ்ணனுக்கு அந்தப் பழைய நாற்றம் அப்படியே மூக்கில் வந்து நின்றது. வெள்ளை வேஷ்டி, வெட்டின நகம், தூக்கிச் சாப்பிட்ட காப்பி எல்லாம் ஒரு நொடியில் வேஷமாகிவிட்டது. இவனா? இவன் உட்கார்ந்திருக்கிற ஜமக்காளத்திலா நாமும் உட்கார்ந்திருக்கிறோம்? தன்னையறியாமல் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தான். வேடிக்கை என்னவென்றால், மணியும் அதே சமயத்தில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தான்.

சமையல்கட்டில் அம்மிணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். மாதுங்காக் கதை அவளுக்கு மனப்பாடம்.

"உடம்பு இப்போ தேவலையா?" என்று கேட்டான் அனந்தகிருஷ்ணன். குரல் ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

"எனக்கென்ன, நன்னாத்தான் இருக்கேன். உங்களைத்தான் கேக்கணும்னு நினைச்சேன்."

"என்னையா?"

"வெக்கப்பட ஒண்ணுமில்லே. அதுவும் ஒரு வியாதிதானே. நான் யார்கிட்டயும் மூச்சு விடலை." மணி தலையைக் குனிந்துகொண்டான். "நீங்களே ரப்பர் ஷீட் வாங்கி வெச்சுண்டப்போ சந்தோஷமா இருந்தது. ஆனா அதை விரிச்சுக்காமலேயே பாயோட சுருட்டிட்டுப் போயிடறேளேன்னு, ரெண்டு தடவையும் எடுத்து உங்க பெட்டி மேல வெச்சேன். கண்ணுல படட்டும்னு."

அனந்தகிருஷ்ணனின் காது சிவந்தது.

"ஓய், அந்த ஷீட் உமக்காக வாங்கினது. பாயை நனைச்சது நீர்."

"நானா? நான் வந்து பிரிக்கறச்சேயே நனைஞ்சிருக்கும். நாத்தம் தாங்காம மூக்குல துண்டைக் கட்டிண்டு தூங்கியிருக்கேன். நீங்க காலி பண்ணிண்டு போனப்புறமும் அது போகலை. அவ்வளவு ஆழமா இறங்கியிருக்கு."

"யார் ஆத்துல வந்து என்ன பேசறீர்?"

"ரெண்டு பேரும் எதைப்பத்திடா பேசறேள்?" என்று கிட்டு மாமா முழித்தார்.

மணி எழுந்துவிட்டான். "கிளம்பலாம் மாமா. இதெல்லாம் சில குடும்பத்துல வழிவழியா வரும்பா…" என்று ஆரம்பித்தவன் சமையல்கட்டுப் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். ஆனால் சொன்னது சொன்னதுதான். அம்மிணியின் முகத்தில் அது அறைந்த மாதிரி விழுந்தது. நாலாவதும் போயிற்று. இந்தத் தடவை மூக்கு இரண்டு.

அவள் வெளியே வந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் எதிரே கூப்பிடாமல் பெண் வருவது வழக்கமில்லை. அவள் யாரையும் பார்க்காமல் நேரே வராந்தாவுக்குப் போய்க் கம்பியிலிருந்து பாயை இழுத்து, மணியின் முன்னால் நீட்டினாள்.

"இதை மோந்து பாருங்கோ."

மணி தயங்கிக் குனிந்தான். உடனே நிமிர்ந்தான். "அதே நாத்தம்தான். கொஞ்சம் கம்மி. இங்க எப்படி வந்தது? அந்தப் பாய்தானே இது?"

"இல்லை. புதுசு. இங்க வந்து வாங்கினது. அண்ணாவைத் தவிர ஒருத்தர் படுத்ததில்லை."

கிட்டு மாமா அனந்தகிருஷ்ணனைப் பரிதாபமாகப் பார்த்தார். கூடப்பிறந்தவளே சபையில் மானத்தை வாங்குவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"அண்ணா பாயை நனைக்கறது வாஸ்தவம்தான்" என்றாள் அம்மிணி. "செம்பால நனைப்பன். படுக்கறதுக்கு முன்னாடி மடியா இருக்கணும்னு ரெண்டு கை ஜலம் தெளிப்பன். எழுந்தப்புறம் படுத்த பாய் விழுப்பு, மடி போயிடுத்துன்னு மறுபடியும் தெளிப்பன். ஈரத்தோட சுருட்டி மூலையில சாத்திட்டுப் போயிடுவன். நான் உலர்த்தறதனாலதான் இந்த மட்டும் இருக்கு." அவள் மணியின் பக்கம் திரும்பினாள். "நீங்க தெளிப்பேளா?"

மணி பாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெளிக்காம எப்படி?" என்றான் கடைசியில். "இன்னொருத்தர் படுத்த பாய். தெளிச்சுட்டுத்தான் படுப்பேன். எழுந்தப்புறம், அடுத்தவா வந்து படுக்கப்போறாளே, என் விழுப்போட விட்டுட்டுப் போகப்படாதுன்னு மறுபடியும் தெளிச்சுச் சுருட்டி வெப்பேன். நாத்தம் ஜாஸ்தியாச்சு. அதனால நானும் ஜாஸ்தியா…"

"அண்ணா, நீயும் ஜாஸ்தியாத்தானே தெளிச்சே?"

முதலில் ரெண்டு கை, பிறகு அரைச் செம்பு, கடைசி மாதங்களில் முழுச் செம்பு. அனந்தகிருஷ்ணனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"தன் முதுகு தனக்குத் தெரியாதும்பா" என்றார் கிட்டு மாமா. "என் மாடியில ஒரு பாயை எட்டு மாசம் ஊறுகாய் போட்டிருக்கேளே, பாவிகளா." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

மணிக்கு முகம் சிவந்திருந்தது. பாயின் ஓரத்தைத் தடவினான். பிறகு அம்மிணியை நேராகப் பார்த்துச் சொன்னான்:

"இப்பத்தான் தோணறது. ஒரு நாளாவது வெயில்ல போட்டிருக்கலாம்."

அம்மிணி சிரித்தாள். பம்பாய்க்கு வந்த பிறகு அவள் சிரித்து அனந்தகிருஷ்ணன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவனுக்கு அதுவும் பிடிக்கவில்லை. தன்னுடைய ஜலம் குழாயில் பிடித்த சுத்தமான ஜலம், இவன் எந்தத் தொட்டி ஜலத்தைத் தெளித்தானோ, நாற்றம் அதில்தான் வந்திருக்கும் என்று ஓர் எண்ணம் உள்ளே கிளம்பியது. அதைச் சொல்ல வாயெடுத்தான். அம்மிணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலக்காட்டில் பூட்டிக் கிடக்கிற வீடு அவள் பார்வையில் இருந்தது.

"எனக்கு ஆட்சேபணை ஒண்ணுமில்லை" என்றான், கஷாயம் குடிக்கிற முகத்தோடு.

"எனக்கும் இல்லை" என்றான் மணி. தை மாதத்தில் முகூர்த்தம் பார்ப்பதென்று கிட்டு மாமா அங்கேயே முடிவு செய்தார். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். மணி படியிறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், பாயைப் பார்க்கிற மாதிரி.

அவர்கள் போன பிறகு அனந்தகிருஷ்ணன் அறை நடுவில் நின்றான். ஒன்பது வருஷ அருவருப்பில் அவன் மிகவும் நம்பியிருந்தது மாதுங்கா அருவருப்பைத்தான். தாதரும் காட்கோபரும் வெறும் மூட்டைப்பூச்சியும் துண்டும். மாதுங்காதான், மனிதர்களைப் பற்றி அவன் நினைத்ததெல்லாம் சரி என்பதற்குச் சாட்சி. இப்போது அது இரண்டு செம்பு தண்ணீராகப் போய்விட்டது. இனி சாப்பிடும்போது எதைச் சொல்வது? தன்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது. அதைத் தாங்க முடியாமல் கண்ணை வேறு பக்கம் திருப்பினான்.

ஜமக்காளத்தில் மணி உட்கார்ந்திருந்த இடம் லேசாகக் கசங்கியிருந்தது. பக்கத்தில் செம்பில் தண்ணீர் மீதி இருந்தது. அனந்தகிருஷ்ணனின் கை தானாகப் போயிற்று. ஒரு கை எடுத்துத் தெளித்தான். போதாது என்று தோன்றியது. இன்னொரு கை தெளித்தான்.

அம்மிணி சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக இப்படி நனைந்ததை எல்லாம் உதறிக் கம்பியில் போடுகிறவள் அவள்தான். இன்று நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"தை வரைக்கும் நான் உலர்த்தறேன் அண்ணா" என்றாள். "அதுக்கப்புறம்?"

அனந்தகிருஷ்ணன் ஜமக்காளத்தை ஈரத்தோடு சுருட்டி மூலையில் சாத்தி வைத்தான்.